கேள்வி கன்னடத்தில், பதில் தமிழில்: கணக்கு சரியாகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்து. கையில் செல்போன், கழுத்தில் அடையாள அட்டையுடன் ஒரு பள்ளி ஆசிரியை வாசலில் வந்து நிற்கிறார். அரசாங்கக் கணக்கெடுப்பு. வீட்டுக்காரர் இரவு ஷிப்டு முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருக்கிறார். அடுப்படியிலிருந்து வந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

“நிம்ம யஜமானரிகெ ஏனு உத்யோக?” என்று ஆசிரியை கேட்கிறார்.

“உத்தியோகமெல்லாம் எங்கே டீச்சரம்மா? ஏதோ கூலி வேலைதான்” என்கிறார் அம்மாள்.

அதில் “உத்தியோகம் இல்லை” என்பது மட்டும் ஆசிரியையின் காதில் விழுந்தால் என்ன ஆகும்? நாள் தவறாமல் மூட்டை தூக்கும் ஒரு மனிதர் அரசாங்க ஏட்டில் வேலையற்றவர் ஆகிவிடுவார்.

இந்தக் காட்சியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆசிரியை கேட்டதும் சரி, அம்மாள் சொன்னதும் சரி. ஆனால் கணக்கு தவறு. கன்னடத்தில் ‘உத்யோக’ என்றால் பிழைப்புக்குச் செய்யும் எந்த வேலையும் அதில் அடங்கும். தமிழில் உத்தியோகம் என்றால் நாற்காலி, மேசை, மாதச் சம்பளம். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்தான் இங்கே குழி பறிக்கிறது. முற்றிலும் புரியாத சொல்லாக இருந்தால் “என்ன கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்டிருப்பார். புரிந்ததுபோல் தோன்றுவதால் அல்லவா கேட்காமல் விட்டுவிடுகிறார்!

இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ‘சம்சார’ என்றால் கன்னடத்தில் குடும்பம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்குச் சம்சாரம் என்றால் மனைவி. “சம்சாரத்தில் எத்தனை பேர்?” என்று ஒரு தமிழரிடம் கேட்டால் அவர் சிரிப்பார், அல்லது கோபிப்பார். ‘தர்ம’ என்றால் கன்னடப் படிவத்தில் மதம். தமிழ்ப் பாட்டிக்குத் தருமம் என்றால் வாசலில் வந்து நிற்பவருக்குப் போடுவது. இவையெல்லாம் கேட்க வேடிக்கைதான். ஆனால் இந்தப் பதில்களைக் கூட்டித்தான் பள்ளிக்கூடமும், இட ஒதுக்கீடும், உதவித் திட்டங்களும் முடிவாகின்றன என்பதை நினைத்தால் வேடிக்கை போய்க் கவலை வந்துவிடும்.

ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அரசாங்க விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். அங்கே ஏட்டில் ஏறிய சுரைக்காய்தான் கறிக்கு வரும். ஏட்டில் இல்லாதவன் ஊரில் இல்லாதவனே.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 21 லட்சத்துக்கும் மேல். பெங்களூர் மாவட்டத்தின் ஜனத்தொகை அப்போது 96 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழர்கள்.

இந்தப் பதினைந்து என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறுபான்மையாக நின்றுவிட்ட மக்களுக்காகச் சில பாதுகாப்புகள் வகுக்கப்பட்டன. அரசியல் சட்டத்தில் 350-ஏ, 350-பி என்ற இரண்டு பிரிவுகள் அப்போது சேர்க்கப்பட்டன. முதலாவது, குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் கற்க வசதி செய்துதரச் சொல்கிறது. இரண்டாவது, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு கமிஷனரை நியமிக்கச் சொல்கிறது. அந்தப் பதவி 1957 முதல் இருந்து வருகிறது. இவற்றோடு மத்திய அரசும் மாநிலங்களும் ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடும் உண்டு. ஒரு மாவட்டத்திலோ தாலுகாவிலோ குறைந்தது நூற்றுக்குப் பதினைந்து பேர் ஒரு மொழியைப் பேசினால், முக்கியமான அரசு அறிவிப்புகளும் விதிகளும் அந்த மொழியிலும் வெளியாக வேண்டும் என்பதே அது.

பெங்களூர்த் தமிழர்களின் எண்ணிக்கை சரியாக அந்தக் கோட்டின்மேல் நிற்கிறது. ஓர் அடி முன்னே வைத்தால் கோட்டுக்கு உள்ளே, ஓர் அடி பின்னே வைத்தால் வெளியே. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வீட்டில் ஐந்து பேரின் தாய்மொழி தவறாகப் பதிவானால் அது அந்த ஐந்து பேரோடு போகும் நஷ்டமல்ல.

தாய்மொழி என்றால் எது?

“உங்கள் தாய்மொழி எது?” இதைவிட எளிய கேள்வி உண்டா என்று தோன்றும். உண்மையில் தேசத்தையே திணற அடிக்கும் கேள்வி இது. 2011-ல் இந்தக் கேள்விக்கு நாடு முழுவதும் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து, ஒழுங்குபடுத்தி, 1,369 தாய்மொழிகள் என்று வகுத்தார்கள். பிறகு அவற்றையும் தொகுத்து 121 மொழிகள் என்று அட்டவணை போட்டார்கள். சிலர் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், சிலர் சாதிப் பெயரைச் சொன்னார்கள். கேட்டவர் மனத்தில் ஒன்று, சொன்னவர் மனத்தில் வேறொன்று.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இதற்குத் தெளிவான இலக்கணம் இருக்கிறது. ஒருவருக்குச் சிறு வயதில் அவருடைய தாய் எந்த மொழியில் பேசினாரோ அதுவே தாய்மொழி. தாய் சிறு வயதிலேயே இறந்திருந்தால், அந்த வீட்டில் அப்போது பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. பிறந்த ஊர் எது, சாதி எது, மதம் எது, பள்ளிக்கூடத்தில் படித்தது எது என்பவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு மொழியும் மனைவிக்கு வேறு மொழியும் இருந்தால் அப்படியே தனித்தனியாக எழுத வேண்டும். மக்கள் சொல்வதை எழுதுவதே கணக்கெடுப்பவர் கடமை. தாமே ஊகித்து எழுத அவருக்கு உரிமையில்லை.

இந்த இலக்கணத்தைப் பெங்களூருக்குப் பொருத்திப் பார்த்தால் எத்தனை சிக்கல்கள் தெளிகின்றன! அல்சூரில் மூன்றாம் தலைமுறையாக வாழும் இளைஞர் கன்னடத்தில் படித்திருக்கலாம், வேலை இடத்தில் ஆங்கிலம் பேசலாம். ஆனால் தாய் அவரிடம் பேசியது தமிழ் என்றால் அவர் தாய்மொழி தமிழே. சிவாஜி நகரில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தைப் பெயரைப் பார்த்ததும் ‘உருது’ என்று எழுதிவிடக் கூடாது. அதேபோல் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதற்காக ஒருவரைத் தமிழர் கணக்கில் சேர்ப்பதும் தவறு. அவருடைய தாய் பேசியது தெலுங்கு என்றால் தெலுங்கு என்றே எழுத வேண்டும். தமிழர் கணக்கில் ஒன்று கூட்டுவதற்காகப் பொய் எழுதச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கமல்ல. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதே நோக்கம்.

எல்லை தாண்டினால் பொருள் மாறும்

மொழி இப்படியென்றால் சாதிப் பெயர் அதைவிடச் சிக்கல். ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் இழிவாக வழங்கிய பழைய பெயர்களுக்குப் பதிலாக 1922-ல் அரசு ஏற்ற பெயர் அது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாரைக் குறிக்கிறது என்பதில் பெரிய குழப்பமில்லை. கர்நாடகத்துத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும் ஆதி திராவிட, ஆதி கர்நாடக, ஆதி ஆந்திர என்ற பெயர்கள் உள்ளன. ஆனால் இங்கே இவை ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் பெயர்களாக நிற்கவில்லை. இடக்கை, வலக்கை என்று பேசப்படும் இரு பிரிவினரும் இதே பெயர்களில் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் ஒரு பிரிவினர், அடுத்த மாவட்டத்தில் மற்றொரு பிரிவினர் என்று மாறி மாறி வழங்குகின்றன.

தாழ்த்தப்பட்டோருக்குள் உள் ஒதுக்கீடு வழங்குவதற்காக ஓய்வுபெற்ற நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் தலைமையிலான ஒருநபர் ஆணையம் 2025 மே 5-ஆம் தேதி வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, அதன் முன்னிருந்த பெரிய முடிச்சே இதுதான். “ஆதி திராவிட என்றால் அதில் எந்தச் சாதி?” என்று மேலும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு இந்தக் கேள்வியே விளங்காது. ஆதி திராவிடர் என்று சொன்ன பிறகு இன்னும் என்ன சொல்ல வேண்டும் என்று திகைப்பார்கள். பழைய பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம் வேறு. பக்கத்து வீட்டார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கானோர் உட்பிரிவைச் சொல்லாமலே விட்டார்கள். 2025 ஆகஸ்டில் ஆணையம் அறிக்கை தந்தபோது, அவர்களுக்கென ஒரு தனிப் பிரிவையே பரிந்துரைக்க வேண்டியதாயிற்று. பின்னர் அமைச்சரவை அதை மாற்றி, ஒதுக்கீட்டை மூன்று பிரிவாக வகுத்தது.

அதே கணக்கெடுப்பில், பெங்களூரில் சில வீடுகளில் உள்ளே வந்து எதுவும் கேட்காமலே ‘கணக்கெடுப்பு முடிந்தது’ என்ற ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனதாகப் புகார்கள் எழுந்ததையும் மறந்துவிட முடியாது. கேள்வி புரியாதது ஒரு குறை. கேள்வியே கேட்கப்படாதது அதைவிடப் பெரிய குறை.

அதன் பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் பிற்பட்ட வகுப்பினர் ஆணையத்தின் சமூக, கல்விக் கணக்கெடுப்பு நடந்தது. அறுபது கேள்விகள். வேலைக்கு ஓடும் பட்டணத்து வாசியிடம் அறுபது கேள்வி கேட்டால் அவர் எத்தனைக்கு நிதானமாகப் பதில் சொல்வார்? அதுவும் பிறமொழியில்? கடைசி இருபது கேள்விகளுக்கு “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டி அனுப்பிவிடுவதுதான் மனித சுபாவம்.

பயம் சொல்லும் பதில்

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இந்த நகரில் நடந்தவற்றைப் பழைய தலைமுறை மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் இளைய தலைமுறையும் பார்த்தது. அந்த நினைவு நெஞ்சில் இருக்கிறவர், வாசலில் அரசாங்க ஆள் வந்து “என்ன மொழி?” என்று கேட்டால் ஒரு கணம் தயங்குவார். “எதற்கு வம்பு, கன்னடம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்பவரும் இருக்கக் கூடும்.

அந்தப் பயத்துக்கு அவசியமில்லை. 1948-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், ஒருவர் சொன்ன விவரத்தைப் பிறர் பார்ப்பதைத் தடை செய்கிறது. அதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கூடக் காட்ட முடியாது. 2025-ல் மாநிலக் கணக்கெடுப்பு பற்றி வழக்கு வந்தபோதும், விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும், பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 2011 படிவத்தில் தாய்மொழி 10-வது கேள்வி. அதற்கு அடுத்த 11-வது கேள்வி, “தெரிந்த பிற மொழிகள்” என்பது. அங்கே இரண்டு மொழிகள் வரை எழுதலாம். தமிழ் என்று முதல் கட்டத்தில் எழுதியவர், அடுத்த கட்டத்தில் கன்னடம் என்று தலைநிமிர்ந்து எழுதலாம். பெற்ற தாயின் மொழிக்கு ஒரு கட்டம், சோறு போடும் ஊரின் மொழிக்கு ஒரு கட்டம். ஒன்றை எழுதுவதற்காக மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுவதும் குற்றமே. காலையில் பால்காரரோடும், பஸ் கண்டக்டரோடும், மேஸ்திரியோடும் கன்னடம் பேசிப் பிழைக்கும் லட்சக்கணக்கான தமிழர்கள் “கன்னடம் தெரியாதவர்கள்” என்று ஏட்டில் ஏறுவது யாருக்கு நல்லது?

உலகம் என்ன செய்கிறது?

பல மொழிகள் வழங்கும் இடத்தில் மக்களைக் கேள்வி கேட்பது எப்படி என்பது இன்று தனிச் சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2002 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் ஒரு சமூக ஆய்வு நடக்கிறது. ஒரு நாட்டில் நூற்றுக்கு ஐந்து பேர் ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசினால், அந்த மொழியிலும் கேள்வித்தாள் தயாராக வேண்டும் என்பது அதன் விதி. ஒருவர் மொழிபெயர்த்தால் போதாது. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, ஒப்பிட்டு, கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். பிறகு சிலரிடம் கேட்டுப் பார்த்து, கேள்வி விளங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். வேறு சில ஆய்வுகளில், மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப மூல மொழிக்கே மாற்றச் சொல்வார்கள். ‘உத்யோக’ போனது ‘உத்தியோக’மாகத் திரும்பி வந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பின்போது 59 மொழிகளில் வழிகாட்டிக் குறிப்புகள் அச்சிட்டார்கள். அதில் தமிழும் ஒன்று. நம் நாட்டிலேயே 1992-93 முதல் நடந்துவரும் தேசியக் குடும்ப நல ஆய்வில், கேள்வித்தாள்கள் மாநில மொழிகளில் தயாராகின்றன. பெண்களிடம் பெண்களே சென்று கேட்கிறார்கள். ஆகவே இது தெரியாத வித்தையுமல்ல, முடியாத காரியமுமல்ல.

செய்ய வேண்டியவை

2011-க்குப் பிறகு 2021-ல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாகக் கொண்டு அது நடக்கும் என்று 2025 ஜூன் 16-ல் மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டது. வீடுகளின் பட்டியல் எடுப்பு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, மக்கள் கணக்கு 2027 பிப்ரவரியில் என்பது ஏற்பாடு. 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லோருடைய சாதியும் இதில் கேட்கப்படுகிறது. தாளுக்குப் பதில் செல்போன் செயலி, விரும்புவோர் தாங்களே பதிந்துகொள்ளும் வசதி என்று புதுமைகளும் உண்டு. கருவி புதிதாகலாம். வாசலில் நின்று கேட்கும் ஆளும், கேட்கப்படும் சொல்லும் பழையனவே.

அரசு செய்யக் கூடியவை அதிகச் செலவு பிடிக்காதவை. தமிழர் நிறைந்த வார்டுகளுக்குத் தமிழ் பேசத் தெரிந்த ஆசிரியர்களை அனுப்பலாம். இந்த நகரில் அப்படிப்பட்ட ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. 2011-ல் படிவங்கள் 16 மொழிகளில் தயாராயின. தமிழ்நாட்டில் பயன்படும் தமிழ்க் கேள்விகளைப் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. சென்னையில் இரவு ரயிலில் ஏற்றினால் காலையில் பெங்களூர் வந்துவிடும். கணக்கெடுப்பவர் கையில் அதன் ஒரு பிரதி இருந்தால், சந்தேகம் வரும்போது வீட்டாரிடமே காட்டிவிடலாம். பயிற்சி வகுப்பில் உத்யோக, சம்சார, தர்ம போன்ற பத்துச் சொற்களைச் சொல்லி எச்சரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

தமிழ் மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கன்னடப் பள்ளியில் படிக்கும் சிறு பிள்ளையை முன்னே தள்ளிவிட்டுப் பெரியவர்கள் உள்ளே இருந்துவிடக் கூடாது. அப்பாவின் வருமானமும் பாட்டியின் வயதும் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வரிசை வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்காக வீட்டுச் சொந்தக்காரரே பதில் சொல்லி அனுப்புவதையும் அனுமதிக்கக் கூடாது. வேலை என்ன என்று கேட்டால் “சும்மா கூலிதான்” என்று சொல்லாமல், என்ன கூலி, கட்டட வேலையா, மூட்டை தூக்குவதா, துப்புரவா என்று விளங்கச் சொல்ல வேண்டும். வயதைக் கேட்டால் “ஐம்பது இருக்கும்” என்று மதிப்புச் சொல்லாமல் ஆவணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி புரியாவிட்டால் “அர்த்த ஆகலில்லா, இன்னொந்து சல ஹேளி” என்று திரும்பக் கேட்பதில் வெட்கமில்லை. எழுதி முடித்ததும் எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேட்பதும் நியாயமே. தமிழ்ச் சங்கங்களும், மில் தொழிலாளர் குடியிருப்புகளில் உள்ள மன்றங்களும் ஒரு மாலை நேரம் கூடி இந்த விவரங்களை விளக்கினால் அது பெரிய தொண்டாகும்.

ஓட்டுப் போடும் நாளில் விரலில் மை வைப்பார்கள், அது சில வாரத்தில் அழிந்துவிடும். கணக்கெடுப்பில் சொல்லும் பதில் அப்படியல்ல. அடுத்த கணக்கு வரும்வரை அதுதான் நிற்கும். சென்ற முறை நின்றது பதினாறு வருஷம். அந்தச் சந்து வீட்டு அம்மாள் அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, கேட்கப்படும் கேள்வி அவருக்கு விளங்க வேண்டும். அவர் சொல்லும் பதில் ஆசிரியைக்கு விளங்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் உள்ளே உறங்கும் அந்த மனிதர் உழைப்பாளி என்ற பெயரோடு ஏட்டில் ஏறுவார்.